இடம் இருக்கிறது, உட்கார முடியாது

சென்ற வாரம் பழைய நோட்டுகளை எடைக்குப் போடுவதற்காக அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தபோது 2012ஆம் ஆண்டின் குறிப்பேடு ஒன்று கையில் சிக்கியது. நடுப்பக்கத்தில் 871 என்று பெரிதாக எழுதி மூன்று முறை வட்டம் போட்டிருக்கிறேன். வேறு ஒரு குறிப்பும் இல்லை. "யார் வண்டி நம்பர் இது?" என்று மனைவி கேட்டாள். வண்டி நம்பர் இல்லை, என் கர்வம் இறங்கிய நாளின் எண் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்க உட்கார்ந்தால் சோறு ஆறிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், படிவங்களை ஸ்கேன் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரம்பூரில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடை. கீழ்த்தளத்தில் பன்னிரண்டு ஸ்கேனர்கள். மேல்தளத்தில் குளிரூட்டிய சின்ன அறை. அதற்குள் இரண்டு சர்வர்கள், இரண்டும் பகிர்ந்துகொள்ளும் ஒரு டிஸ்க் பெட்டி. முதல் சர்வர் கீழேயிருந்து வரும் பக்கங்களை வாங்கி வைக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், அதோடு 600 பைட் அளவில் ஒரு விவரக் கோப்பு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 11,000 பக்கம், அதாவது 22,000 கோப்பு. இரண்டாவது சர்வர் அந்தப் படங்களை நிமிர்த்தி, துடைத்து, பிடிஎஃப் ஆக்கும். நடுவில் உண்டாகும் தற்காலிகக் கோப்புகளை அதுவே அழித்துவிடும்.

இரண்டு சர்வர்களும் ஒரே டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுத வேண்டுமென்றால் சாதாரணக் கோப்பு முறைமை உதவாது. ஒன்று எழுதுவது மற்றொன்றுக்குத் தெரியாமல், இரண்டும் ஒரே இடத்தில் எழுதிக் குட்டிச்சுவராக்கிவிடும். அதற்கென்றே இருக்கும் கிளஸ்டர் கோப்பு முறைமைகளில் ஒன்று ஓசிஎஃப்எஸ்2. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலின் 2.6.16 பதிப்பில், 2006இல் சேர்ந்தது. 2008இல் எங்கள் 500 ஜிபி வால்யூமை (டிஸ்க் பெட்டியின் சேமிப்புப் பகுதியை) அதில் அமைத்தவன் நானேதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் எல்லாப் பழிக்கும் கடைசி விலாசம் அதுதான்.

ஆனி மாதக் கடைசி. ஒரு திங்கட்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்குக் கீழ்த்தளத்திலிருந்து போன் வந்தது. பக்கங்கள் ஏறவில்லை. சர்வரின் நிகழ்வுப் பதிவான லாகைத் திறந்தால் 28ஆம் எண் பிழை, சாதனத்தில் இடமில்லை என்கிறது. டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப் கட்டளை போட்டுப் பார்த்தேன். 89 சதவீதம் நிரம்பியிருந்தது, 55 ஜிபி காலி. எங்கள் வேகத்துக்கு அது ஒன்றரை மாதம் தாங்கும்.

அடுத்து எந்தப் பழைய கைக்கும் தோன்றுவது, இனோடு தீர்ந்திருக்குமோ என்பது. இனோடு என்றால் ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்கில் இருக்கும் பதிவுச் சீட்டு. இடம் மிச்சமிருந்தும் சீட்டு தீர்ந்துபோவது மற்றக் கோப்பு முறைமைகளில் நான் பார்த்ததுதான். அதே டிஎஃப் கட்டளையை இனோடு கணக்குக்காக மறுபடி போட்டேன். அதுவும் 89 சதவீதம். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை மூன்று நாள் சுற்றலில் விட்டது. ஓசிஎஃப்எஸ்2இல் இனோடுகளுக்கென்று முன்கூட்டியே வரையறுத்த எண்ணிக்கை கிடையாது. தேவைப்படும்போது காலி இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் இனோடு எத்தனை மிச்சம் என்று டிஎஃப் கேட்டால், காலி இடத்தின் கணக்கையே இன்னொரு முறை ஒப்பித்துவிடும். ஒரே ஆளிடம் இரண்டு தடவை வாக்குமூலம் வாங்கி, இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகிறார்கள் என்று மகிழ்ந்த நீதிபதி நான்.

மறுநாள் காலையில் எல்லாம் சரியாக இருந்தது. பதினொன்றரைக்கு மேல் மறுபடி அதே பிழை. பழைய பிடிஎஃப்களில் 9 ஜிபி அளவுக்கு அழித்தேன். டிஎஃப் 87 சதவீதத்துக்கு இறங்கியது, பிழை இறங்கவில்லை.

எங்கள் பிரிவில் அப்போதுதான் ஒரு பெண் சேர்ந்திருந்தாள். கும்பகோணம் பக்கம், படித்து முடித்த முதல் வேலை. அவள்தான் வந்து சொன்னாள்.

"அண்ணா, முதல் சர்வரில் வெறும் காலிக் கோப்பு ஒன்றைக்கூட உருவாக்க முடியவில்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கிற லாக் கோப்பின் வாலில் 100 எம்பி சேர்த்துப் பார்த்தேன், சேர்ந்துவிட்டது. இரண்டாவது சர்வரில் புதுக் கோப்பும் உருவாகிறது."

ஒரு பைட்கூட இல்லாத கோப்புக்கு இடமில்லையாம், 100 எம்பிக்கு இருக்கிறதாம். இந்த ஒரு வாக்கியத்தில் முழு நோயும் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டிஸ்க் பெட்டியின் கன்ட்ரோலர் சூடாகியிருக்கும்மா" என்றேன். பத்து வருட அனுபவம் இப்படியெல்லாம் பேசும். பிறகு ஃபைபர் கேபிளை மாற்றினேன். கேபிள் மாற்றுவது எங்கள் தொழிலில் திருஷ்டி கழிப்பது மாதிரி. பலன் இருக்கிறதோ இல்லையோ, செய்தவனுக்கு மனம் ஆறும்.

புதன்கிழமை நிலைமை இன்னும் விசித்திரமானது. சென்னையில் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்த வருடம் அது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவர் திரும்பவில்லை, யுபிஎஸ் கத்த ஆரம்பித்துவிட்டது. இரண்டு சர்வர்களையும் முறைப்படி நிறுத்தினேன். மின்சாரம் வந்ததும் ரேக்கின் முன் குனிந்தேன். கீழ்த்தட்டில் இருந்த இரண்டாவது சர்வரின் பொத்தான் முதலில் கைக்கு வந்தது, அதை அழுத்தினேன். பிறகுதான் மேலே இருந்தது.

அதன்பின் முதல் சர்வர் குணமாகிவிட்டது. மாலை வரை ஒரு முணுமுணுப்பும் இல்லை. கேபிள்தான் காரணம் என்று முதலாளியிடம் போய்ச் சொல்லியும்விட்டேன். வியாழக்கிழமை பகலில் இரண்டாவது சர்வர் அதே 28ஆம் எண் பிழையோடு நின்றது. நோய் ஒரு சர்வரிலிருந்து எழுந்து இன்னொரு சர்வருக்கு நடந்து போயிருக்கிறது. வன்பொருள் பழுது நடந்து போகாது. அங்கேதான் நான் கேபிள் பேச்சை நிறுத்தினேன்.

அன்று இரவு நானும் அவளும் உட்கார்ந்தோம். டீக்கடைப் பையன் இரண்டு முறை மேலே வந்து போனான். ஓசிஎஃப்எஸ்2 வால்யூமின் உள்ளுறுப்புகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு டீபக் கருவி உண்டு, படிக்க மட்டும் திறக்கலாம், வால்யூம் மவுன்ட் ஆகி, அதாவது சர்வரோடு இணைந்து வேலையில் இருக்கும்போதே. அதில் ஸ்லாட் வரைபடம் என்ற கட்டளையை அவள் போட்டாள். 0ஆம் ஸ்லாட்டில் இரண்டாவது சர்வர். 1ஆம் ஸ்லாட்டில் முதல் சர்வர்.

இங்கே ஸ்லாட் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பல சர்வர்கள் ஒரே டிஸ்கில் வேலை செய்யும்போது, ஒவ்வொரு கோப்புக்கும் இனோடு எடுக்கப் பொதுக் களஞ்சியத்துக்கே எல்லோரும் ஓடினால் பூட்டுக்காகக் காத்திருந்தே பொழுது போய்விடும். அதனால் வால்யூமை மவுன்ட் செய்யும் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு ஸ்லாட் தரப்படுகிறது. அந்த ஸ்லாட்டுக்கென்று தனி இனோடு இருப்பு, தனி ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஏடு), அழித்த கோப்புகளுக்கான தனிக் கூடை. முதலில் மவுன்ட் செய்பவருக்கு முதல் காலி ஸ்லாட். முறைப்படி நிறுத்தியதால் இருவரும் தங்கள் ஸ்லாட்டை விட்டுவிட்டார்கள், நான் கீழ்ப் பொத்தானை முதலில் அழுத்தியதால் இரண்டாவது சர்வர் 0ஆம் ஸ்லாட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. (மின்சாரம் பட்டென்று போயிருந்தால் இது நடந்திருக்காது. யார் எங்கே இருந்தார் என்ற பதிவு டிஸ்கில் அப்படியே இருந்திருக்கும், அவரவர் பழைய ஸ்லாட்டுக்கே திரும்பியிருப்பார்கள். ஒழுங்காக நிறுத்தியதற்குக் கிடைத்த பரிசு இந்தக் குழப்பம்.)

ஆக நோய் சர்வரில் இல்லை, 0ஆம் ஸ்லாட்டில் இருக்கிறது. யார் அதில் உட்கார்ந்தாலும் அவரைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து இரண்டு ஸ்லாட்டுகளின் இனோடு இருப்பையும் பார்த்தோம். 0ஆம் ஸ்லாட்டில் மொத்தம் 31,48,800 இனோடு. பயன்பாட்டில் இருப்பவை 31,48,800. காலி பூஜ்யம். 1ஆம் ஸ்லாட்டில் மொத்தம் 11,46,880, அதில் 2,44,767 சும்மா கிடக்கின்றன. அங்கேதானே இரண்டாவது சர்வர் நாலு வருடம் தற்காலிகக் கோப்புகளை எழுதி எழுதி அழித்தது? அழித்த கோப்பின் இனோடு, எந்த ஸ்லாட்டிலிருந்து பிறந்ததோ அந்த ஸ்லாட்டுக்கே திரும்பும். செவ்வாய்க்கிழமை நான் அழித்த 9 ஜிபி பிடிஎஃப்களும் இரண்டாவது சர்வர் பெற்ற பிள்ளைகள்தான். பசித்தவன் ஒருவன், நான் சாப்பாடு போட்டது பக்கத்து வீட்டுக்கு. பக்கத்து ஸ்லாட்டில் மிச்சமிருப்பதைக் கடன் வாங்கும் பழக்கம் பின்னால் வந்த கர்னல்களில் உண்டு. எங்கள் பழைய கர்னலுக்கு அது தெரியாது. காலையில் சரியாக இருந்து மதியம் கெட்டதற்கும் காரணம் கிடைத்தது. நள்ளிரவில் ஓடும் ஸ்கிரிப்ட் கெடு முடிந்த பக்கங்களை அழிக்கும், 0ஆம் ஸ்லாட்டுக்குக் கொஞ்சம் இனோடு கிடைக்கும், பகலுக்குள் அது தீர்ந்துவிடும்.

சரி, இனோடு தீர்ந்தால் காலி இடத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? 60 ஜிபிக்கு மேல் இருக்கிறதே? இதற்கு விடை எனக்கு அந்த அறையில் கிடைத்தது என்று சொல்ல முடியாது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வில்லிவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கிடைத்திருந்தது. அப்போது எனக்கு அது விடை என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டுமென்று அக்கா மகளுக்கு அவசரமாக நடந்த கல்யாணம். பந்தி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தாய்மாமனான என் தலையில். காலைப் பந்தியின் நடுவில் சம்பந்தி வீட்டார் பதினோரு பேர் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே நோட்டம் விட்டேன். இங்கே ஒரு இலை, அங்கே இரண்டு, தூணுக்குப் பக்கத்தில் மூன்று, எண்ணினால் முப்பதுக்கு மேல் காலி. "வாருங்கள், வாருங்கள், நிறைய இடம் இருக்கிறது" என்றேன். சம்பந்தியம்மாவின் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் உட்காருவோம்" என்று சொல்லித் திரும்பிவிட்டார். அடுத்த பந்திவரை அவர்கள் சாப்பிடவில்லை. "முப்பது இலை காலியாக இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரைப் பட்டினி போட்டாயே" என்று அக்கா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

ஓசிஎஃப்எஸ்2 இனோடு எடுப்பது இந்தச் சம்பந்தி முறையில்தான். ஒன்றொன்றாக எடுக்காது. எங்கள் வால்யூமில் பிளாக் (ஒரே வீச்சில் படித்து எழுதும் சிறு அலகு) அளவு 4 கேபி, கிளஸ்டர் அளவும் 4 கேபி. (சர்வர்களின் கூட்டத்துக்கும் கிளஸ்டர், டிஸ்கில் ஒதுக்கும் குறைந்தபட்ச அளவுக்கும் கிளஸ்டர். பெயர் வைத்தவர்களுக்கு வார்த்தைப் பஞ்சம். இரண்டாவதை நான் துண்டு என்கிறேன்.) இந்த அமைப்பில் ஸ்லாட்டின் இனோடு தீர்ந்தால், அடுத்தடுத்து ஒட்டினாற்போல் 1,024 துண்டுகளை, அதாவது 4 எம்பியை ஒரே வரிசையாகக் கேட்கும். கிடைத்தால் 1,023 புது இனோடு, மீதி ஒரு துண்டு அந்த வரிசையின் கணக்கு எழுதவே போய்விடும். ஒரு துண்டு குறைந்தால்கூட வேண்டாம் என்று திரும்பிவிடும், இடமில்லை என்று பிழை எழுதிவிடும். லாக் கோப்பு வளர்வதற்கு இந்தப் பிடிவாதம் இல்லை. சிதறிய துண்டுகளையும் பொறுக்கிக்கொள்ளும், அதனால்தான் 100 எம்பி ஏறியது.

வால்யூமின் பொதுக் கணக்கு, 32,256 துண்டுகளுக்கு ஒரு குழு என்று பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு குழு 126 எம்பி, எங்கள் 500 ஜிபிக்குச் சுமார் 4,060 குழு. டீபக் கருவி ஒவ்வொரு குழுவுக்கும் மொத்தம், பயன்பட்டது, காலி, அதோடு ஒட்டினாற்போல் கிடக்கும் மிகப் பெரிய காலி வரிசையின் நீளம் ஆகியவற்றைக் காட்டும். அந்தக் கடைசி எண்ணின்படி எல்லாக் குழுக்களையும் அவள் வரிசைப்படுத்தினாள். ஒற்றை வரிக் கட்டளைதான். பட்டியலின் உச்சியில் இருந்த எண் 871.

ஐந்நூறு ஜிபி மைதானத்தில், அறுபது சொச்சம் ஜிபி காலியில், ஒரே பாயாக விரித்த இடம் அதிகபட்சம் 3.4 எம்பி.

அப்போதுதான் குறிப்பேட்டில் அந்த வட்டங்களைப் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இடம் ஏன் இப்படிப் பொடிப்பொடியானது என்பது யோசித்தால் எளிது. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவருக்குப் பக்கங்களை 30 நாள் வைத்திருந்தால் போதும். இன்னொருவர் ஒரு வருடம் கேட்பார். மூன்றாமவர், "நாங்கள் சொல்லும்வரை" என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார், சொல்லவே இல்லை. மூவரின் பக்கங்களும் கலந்து வந்தபடியே டிஸ்கில் அடுத்தடுத்து உட்கார்ந்தன. முப்பது நாளில் முதலாமவருடையவை எழுந்து போகும், நடுவில் பத்துப் பதினைந்து துண்டு அளவுக்குப் பொத்தல்கள். அவற்றில் புதியவை பாதி நிரம்பும். இப்படி நான்கு வருடம். அந்த 600 பைட் விவரக் கோப்புகள் வேறு. இனோடுக்கு ஒரு பிளாக், உள்ளடக்கத்துக்கு ஒரு முழுத் துண்டு, ஆக 600 பைட்டுக்கு 8 கேபி. சிறு கோப்பின் உள்ளடக்கத்தை இனோடுக்குள்ளேயே மடித்து வைக்கும் வசதி ஒன்று உண்டு. 2008இல் நான் அதை இயக்கவில்லை. அப்போது அது புதிது, புதியதை நம்பாமல் இருப்பது பக்குவம் என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு கோளாறும் அன்று கண்ணில் பட்டது. அந்தப் பதிப்பில், ஒரு ஸ்லாட் ஒருமுறை இனோடுக்கென்று எடுத்துக்கொண்ட 4 எம்பியைப் பொதுக் கணக்குக்குத் திருப்பித் தராது. 1ஆம் ஸ்லாட்டில் சும்மா கிடந்த இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான இனோடுகள் அப்படி முடங்கியவைதான்.

முதலுதவி எளிதாக அமைந்தது. முதல் சர்வர் தற்செயலாக வளமான 1ஆம் ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறதே, பிடிஎஃப் வேலையையும் அதற்கே மாற்றிவிட்டோம். நாளுக்கு 22,000 என்று வைத்தாலும் பத்து நாள் ஓடும். கீழ்த்தளத்தில் வெள்ளிக்கிழமை ஸ்கேனர்கள் நிற்கவில்லை. முதலாளி மேலே வந்து, "கேபிள் சரியாக வேலை செய்கிறதா?" என்று கேட்டார். கேபிள் இல்லை என்று அவரிடம் சொன்னேன். "பிறகு?" என்றார். கல்யாணப் பந்தி கதையைச் சொன்னேன். அவர் செட்டிநாட்டுக்காரர், பந்தி நடத்தத் தெரிந்தவர். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே கேட்டார்: "வராதவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்த வரிசை ஏதாவது உண்டா?"

இருந்தது! வால்யூமை அமைக்கும்போது எத்தனை ஸ்லாட் வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான் எட்டு என்று சொல்லியிருந்தேன். பின்னால் சர்வர்கள் பெருகும், நிறுவனம் வளரும் என்று ஒரு கனவு. வளர்ந்தது ஸ்கேனர் எண்ணிக்கை மட்டும்தான். ஆறு ஸ்லாட்டுகள் நான்கு வருடமாக ஆளில்லாமல் காத்திருந்தன, ஒவ்வொன்றிலும் 256 எம்பிக்கு ஒரு ஜர்னல் யாரும் தொடாமல் விரித்தபடி. வால்யூம் பிறந்த அன்றே ஒதுக்கப்பட்டவை என்பதால் சிதறாத இடம். ஆறு ஜர்னல் என்றால் 1,536 எம்பி. நான்கு நான்காகப் பிரித்தால் 384 வரிசை, வரிசைக்கு 1,023 என்றால் 3,92,832 இனோடு. அவ்வளவும் இனோடுக்கே போகாது, படங்களும் வந்து பங்கு கேட்கும் என்பது தெரியும். ஆனாலும் புது டிஸ்க் பெட்டி வரும்வரை மூச்சு விடலாம்.

ஸ்லாட்டைக் குறைக்க வேண்டுமென்றால் எல்லாச் சர்வர்களிலும் வால்யூமை இறக்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கினோம். சனிக்கிழமை இரவே முக்கியமான பக்கங்களை வெளி டிஸ்குக்கு நகல் எடுத்தாகிவிட்டது. முதலில் முழுச் சோதனை. நாற்பது லட்சம் கோப்புகளையும் அது வருடிப் பார்க்க இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. எங்கள் பகுதிக்கு மின்வெட்டு பத்து மணிக்கு, அதற்குள் முடிய வேண்டும் என்று வயிற்றில் ஒரு கலக்கம். இந்த முறை டீசல் கேனை நானே கொண்டுவந்து ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்திருந்தேன், காவலாளி அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சோதனை சுத்தமாக முடிந்ததும், ஸ்லாட் எண்ணிக்கையை இரண்டு என்று மாற்றும் கட்டளையை அவளையே போடச் சொன்னேன். கடைசி எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தது. அந்த ஸ்லாட்டுகளின் ஜர்னல்களைப் பொதுக் கணக்கில் சேர்த்தது. காத்திருந்த நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அவள் அதே வரிசைப்படுத்தும் கட்டளையைப் போட்டாள். 871 இருந்த இடத்தில் ஐந்து இலக்க எண்கள். மேல் சர்வரின் பொத்தானை முதலில் அழுத்தி, வேண்டுமென்றே அதை 0ஆம் ஸ்லாட்டில் உட்கார வைத்து, ஒரு காலிக் கோப்பை உருவாக்கினோம். உருவானது. ஒரு பைட்கூட இல்லாத கோப்பைப் பார்த்து இரண்டு பேர் கை குலுக்கிக்கொண்டதைக் காவலாளி அண்ணன் பார்த்தார். அவர் கருத்து என்னவென்று நான் கேட்கவில்லை.

அதன்பின் தினமும் காலை ஏழு மணிக்கு இரண்டு எண்கள் என் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும்படி அவள் செய்துவிட்டாள். வால்யூமிலேயே மிகப் பெரிய காலி வரிசை எவ்வளவு, ஸ்லாட்டுக்கு எத்தனை இனோடு மிச்சம். டிஎஃப் சதவீதத்தையும் சேர்க்கவா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். பின்னாளில் ஓ2இன்ஃபோ என்ற கருவி கைக்கு வந்தது. காலி இடம் எந்தெந்த அளவு வரிசைகளாகச் சிதறியிருக்கிறது என்று அழகாகப் பட்டியல் போட்டே காட்டும். அன்று எங்களிடம் அது இருந்திருந்தால் திங்கட்கிழமை மாலையே வீட்டுக்குப் போயிருப்பேன். அல்லது அது இருந்தும் கேபிளைத்தான் மாற்றியிருப்பேனோ, என்னை நான் அறிவேன்.

முதல் எண் வாரா வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. எதிர்பார்த்ததுதான். சிதறிய காலி இடத்தை இருந்த இடத்திலேயே கூட்டிப் பெருக்க அந்தப் பழைய அமைப்பில் வழி இல்லை. எல்லாவற்றையும் வேறொரு வால்யூமுக்கு அள்ளிக்கொண்டு போவதுதான் ஒரே மருந்து. செப்டம்பரில் புது டிஸ்க் பெட்டி வந்தது, அதோடு புதுக் கர்னலும். சம்பந்தி பிடிவாதத்துக்கு 2010இலேயே, 2.6.35 கர்னலில் தீர்வு வந்துவிட்டிருந்தது. 4 எம்பியும் ஒரே வரிசையாகக் கிடைக்காவிட்டால், சின்னச் சின்ன வரிசைகளாகச் சேர்த்து ஒரு குழுவாக வைத்துக்கொள்ளும் வசதி. வால்யூமை அமைக்கும்போதே அதை இயக்கலாம். இரண்டு வருடமாக அது இருந்திருக்கிறது, ஓடுவதைத் தொடாதே என்ற என் கொள்கையால் எங்களுக்குத்தான் இல்லை.

புது வால்யூமை அமைக்க உட்கார்ந்தேன். சிறு கோப்புகளை இனோடுக்குள் மடிக்கும் வசதி, ஆம். சிதறிய குழுக்கள், ஆம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி வால்யூம், அழியும் காலம் ஒன்றானவை ஒன்றாக உட்காரட்டும். ஸ்லாட் எண்ணிக்கை என்ற இடம் வந்தது. விரல் பழக்கத்தில் 8 என்று தட்டிவிட்டது. பின்னால் நின்றவள் தொண்டையைச் செருமினாள். அழித்துவிட்டு 3 என்று போட்டேன்.

"மூன்றாவது யாருக்கு அண்ணா?"

"பேக்கப் சர்வருக்கும்மா. அடுத்த மாதம் வருகிறது."

"பர்ச்சேஸ் ஆர்டர் போட்டாயிற்றா?"

ஆர்டர் நகல் என் மேசையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டிய பிறகுதான் என்டர் தட்டவிட்டாள்.